ஊத மறுத்தால் வழக்கு நின்றுவிடுமா?

இந்த இதழுக்கு வந்த சட்டக் கேள்விகளில், குடிபோதையில் வாகனம் ஓட்டியதாகச் சந்தேகிக்கப்படும்போது மூச்சுப் பரிசோதனைக்கு மறுப்பதைப் பற்றியவையே மிகுதி. அவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வழக்கறிஞர் ஐயாவுக்கு வணக்கம். திருமண வரவேற்பு ஒன்றுக்குப் போய்விட்டு இரவு பதினொன்றரை மணிக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தபோது போலீசார் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். உடன் வந்த நண்பர், "எக்காரணம் கொண்டும் ஊதாதே, ஊதாவிட்டால் அவர்கள் கையில் ஆதாரமே கிடையாது" என்றார். நானும் மறுத்துவிட்டேன். காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்று, பிறகு அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். மறுத்ததற்கென்று தனித் தண்டனை உண்டா? நண்பர் சொன்னது சரிதானா?

பதில்: உங்கள் நண்பர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை நம்பித்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு, வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பது ஒரு சோதனையில் தெரியவந்தால் அது குற்றம் என்கிறது. அந்தச் சோதனை மூச்சுப் பரிசோதனைக் கருவியில் நடக்கலாம், ஆய்வகச் சோதனை உள்ளிட்ட வேறு எந்தச் சோதனையாகவும் இருக்கலாம். ஆக, இந்தக் குற்றத்துக்கு முதுகெலும்பு ஓர் எண். எண் இல்லையென்றால் அரசுத் தரப்புக்குச் சிரமம்தான், அதை மறுப்பதற்கில்லை. உங்கள் நண்பர் 185-உடன் நின்றுவிட்டார். 203, 204, 205 ஆகிய மூன்று பிரிவுகள், ஊத மறுப்பவரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

சீருடையில் உள்ள காவல் அதிகாரியோ, அதிகாரம் பெற்ற போக்குவரத்துத் துறை அதிகாரியோ நியாயமான சந்தேகம் இருந்தால் உங்களை ஊதச் சொல்லலாம் என்கிறது 203-ஆவது பிரிவு. நீங்கள் மறுத்து, உங்கள் ரத்தத்தில் ஆல்கஹால் இருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணமும் இருந்தால், போலீசார் உங்களைப் பிடியாணை இன்றியே கைது செய்யலாம். கைதுக்குப் பிறகு, காவல் நிலையத்தில் மீண்டும் ஒருமுறை ஊதுவதற்கு வாய்ப்புத் தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இது உங்களுக்குச் சாதகமான விதி, ஆனால் கோபத்தில் இருப்பவர்கள் இந்த வாய்ப்பையும் தட்டிவிடுகிறார்கள். அப்படித் தட்டிவிட்டால், 204-ஆவது பிரிவின்படி, பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் மூலமாக உங்கள் ரத்த மாதிரியைக் கேட்கும் அதிகாரம் போலீசாருக்கு வந்துவிடுகிறது. உங்களுக்கு நடந்ததும் இதுதான்.

மறுப்பை ஒரு குற்றமாகப் பெயர் சொல்லித் தண்டிக்கும் தனிப் பிரிவு இந்தச் சட்டத்தில் இல்லை. சட்டப்படி இடப்பட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறுவோருக்கு 2,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கும் 179-ஆவது பிரிவைச் சேர்க்க இடமுண்டு, அவ்வளவுதான். உண்மையான அடி விழுவது 205-ஆவது பிரிவில். ஊதவோ ரத்தம் கொடுக்கவோ மறுத்தது நிரூபிக்கப்பட்டு, அதற்குத் தக்க காரணமும் காட்டப்படாவிட்டால், அந்த மறுப்பை அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கு வலுச் சேர்க்கும் சூழ்நிலையாகவும் உங்கள் தரப்புச் சாட்சியத்தை முறியடிக்கும் சூழ்நிலையாகவும் நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். நீதிமன்றம் அப்படி அனுமானித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனாலும் நீங்கள் வாய் திறக்காமல் இருந்ததே உங்களுக்கு எதிராகப் பேசத் தொடங்கிவிடுகிறது.

இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை வரக் காரணமான ஒரு வழக்கைச் சொல்கிறேன். என்னிடம் வந்த ஒருவர், அன்றிரவு அரை பாட்டில் பீர் மட்டுமே குடித்ததாகச் சொன்னார். நிறுத்திய காவலர் ஒருமையில் பேசியதால் ஆத்திரப்பட்டு ஊத மறுத்துவிட்டார். அன்றிரவு அவரைப் பரிசோதித்த மருத்துவர் ரத்தம் எடுக்கவில்லை, அச்சடித்த படிவம் ஒன்றை மட்டும் நிரப்பினார். அதன் நகலை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். வாயில் மது வாடை உண்டு, கண்கள் சிவந்துள்ளன, பேச்சுத் தெளிவில்லை, நடையில் தள்ளாட்டம். நான்கு வரிகள், நான்கு டிக் குறிகள். அவர் முந்தைய இரவும் தூங்காதவர், கோபத்தில் கத்திக்கொண்டிருந்தவர். கண் சிவந்ததற்கும் பேச்சு குழறியதற்கும் வேறு காரணங்கள் இருந்தன என்று நான் வாதாடினேன். ஆனால் என் கையில் எண் இல்லை. ஊதியிருந்தால் 30-ஐத் தாண்டியிருக்காது என்று அவர் இன்றும் நம்புகிறார், நானும் நம்புகிறேன். அதை நிரூபித்திருக்கக்கூடிய ஒரே பொருளை அவரே மறுத்துவிட்டார்.

இன்னொன்றையும் நண்பரிடம் சொல்லுங்கள். நேரம் கடந்தால் அளவு இறங்கிவிடும் என்ற கணக்கு எப்போதும் பலிப்பதில்லை. உடல் ஆல்கஹாலை எரிப்பது மெதுவாகத்தான், பெரும்பாலானவர்களுக்கு மணிக்கு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 15 முதல் 20 மில்லிகிராம் வரை. கடைசி மடக்கைக் குடித்துவிட்டு உடனே வண்டியை எடுத்தவருக்கு, வயிற்றிலும் குடலிலும் இருப்பது ரத்தத்தில் ஏறி முடிந்திருக்காது. சாலையில் 30-க்குக் கீழே இருந்திருக்கக்கூடியவர், ஒரு மணி நேரம் கழித்து மருத்துவமனையில் ரத்தம் கொடுக்கும்போது 30-ஐத் தாண்டியிருப்பது நடக்கக்கூடியதே.

இனி உங்கள் வழக்கு. போலீசார் நிறுத்திய நேரம், கைதான நேரம், ரத்தம் எடுத்த நேரம் மூன்றையும் நினைவு மங்குவதற்குள் எழுதி வையுங்கள். 185-ஆவது பிரிவுக் குற்றத்துக்காக 202-ஆவது பிரிவின் கீழ் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையேல் விடுவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆய்வக அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். முதல் முறை குற்றம் நிரூபணமானால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மறுமுறை என்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இந்தத் தொகைகள் 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளன. போலீசாரிடமே சமரசத் தொகை கட்டி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் 185 இல்லை, நீதிமன்றத்துக்குப் போயே ஆக வேண்டும். "அபராதம்தானே, ஒப்புக்கொண்டு கட்டிவிடலாம்" என்று அவசரப்படாதீர்கள். 185-இல் தண்டிக்கப்பட்டால், குறைந்தது ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் தகுதியிழப்பை நீதிமன்றம் விதித்தாக வேண்டும் என்று 20-ஆவது பிரிவு கட்டாயப்படுத்துகிறது. வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு அபராதத்தைவிட அதுதான் பெரிய தண்டனை.

கேள்வி: நான் சட்டக் கல்லூரி மாணவி. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 20(3) கூறு சொல்கிறது. ஊதச் சொல்வது அதற்கு எதிரானது ஆகாதா?

பதில்: நல்ல கேள்வி, ஆனால் இதற்கு 1961-லேயே பதில் வந்துவிட்டது. பம்பாய் மாநிலம் எதிர் காத்தி காலு ஓகத் வழக்கில் பதினொரு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, கைரேகையோ கையெழுத்து மாதிரியோ கொடுப்பது தனக்கு எதிராகச் சாட்சி சொல்வது ஆகாது என்றது. மனத்தில் உள்ளதை, தான் அறிந்ததை வெளியிடுவதுதான் சாட்சியம். உடலில் உள்ளதைக் காட்டுவது சாட்சியம் அல்ல. 2010-இல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில், ஒருவரது இசைவின்றி, மருந்து செலுத்திப் பேசவைக்கும் நார்கோ பரிசோதனை, பொய்யைக் கண்டறியும் பாலிகிராஃப் போன்றவற்றை நடத்துவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதே கோட்டைப் பிடித்துத்தான். அவை மனத்தில் உள்ளதைப் பிடுங்குகின்றன. மூச்சும் ரத்தமும் அந்த வகையில் வரமாட்டா.

இந்த வேறுபாட்டில் நடைமுறைப் பயன் ஒன்றும் உண்டு. "எவ்வளவு குடித்தாய், எங்கே குடித்தாய்" என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஊதுவதற்கு அப்படியொரு உரிமை இல்லை. சாலையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், ஊத மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துக்கொண்டே "இரண்டே ரவுண்டுதான் சார்" என்று கேட்காமலே சொல்லிவிடுகிறார்கள். கைதானவரின் உடலை மருத்துவர் பரிசோதிப்பது குறித்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 53 என்றிருந்த பிரிவு, 2024 ஜூலை 1 முதல், அதற்கு மாற்றாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 51 என்ற எண்ணில் இருக்கிறது. ரத்தப் பரிசோதனையும் அதில் அடங்கும், நியாயமான அளவு பலத்தைப் பயன்படுத்தவும் அது இடம் தருகிறது.

கேள்வி: என் தந்தைக்கு 68 வயது, நீண்ட நாள் ஆஸ்துமா நோயாளி, மதுவைத் தொட்டதே இல்லை. மூன்று முறை ஊதியும் கருவி ஏற்கவில்லை. "வேண்டுமென்றே சரியாக ஊதவில்லை" என்று எழுதிக்கொண்டார்கள். இதுவும் மறுப்பா?

பதில்: 203-ஆவது பிரிவு மறுப்பவரை மட்டும் சொல்லவில்லை, கொடுக்கத் தவறியவரையும் சேர்த்தே சொல்கிறது. அதனால் போலீசார் அப்படி எழுதியதில் ஆச்சரியமில்லை. ஆனால் 205-ஆவது பிரிவில் உள்ள "தக்க காரணம்" என்ற சொல் உங்கள் தந்தையைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது.

கருவி ஏன் ஏற்கவில்லை என்பதைப் புரிந்துகொண்டால், நீதிமன்றத்தில் சொல்வதும் எளிது. ரத்தத்தில் உள்ள ஆல்கஹால் நுரையீரலின் நுண்ணறைகளில் மூச்சுக்காற்றில் கலக்கிறது. முதலில் வெளியே வருவது வாயிலும் தொண்டையிலும் தங்கியிருந்த காற்று, அதில் அளந்தால் கணக்குத் தப்பும். நுரையீரலின் அடியிலிருந்து வரும் காற்றுக்காகவே, கருவி பல விநாடிகள் இடைவிடாமல் ஒரே சீராக ஊதச் சொல்கிறது. நடுவில் மூச்சு அறுந்தால் மாதிரி போதாது என்று நிராகரித்துவிடும். ஆஸ்துமாக்காரருக்கு மூச்சை வெளியே விடுவதில்தான் சிரமமே.

அந்த நிலையில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. "எனக்கு இன்ன நோய் இருக்கிறது, என்னால் ஊத முடியவில்லை, ரத்தம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அங்கேயே, அப்போதே சொல்ல வேண்டும், அதைப் பதிவு செய்யும்படியும் கேட்க வேண்டும். ரத்தம் கொடுக்கத் தானே முன்வந்தவரை மறுத்தவர் என்று சொல்வது அரசுத் தரப்புக்கு எளிதாக இராது. இப்போது மருத்துவச் சீட்டுகளையும், நுரையீரல் திறன் பரிசோதனை அறிக்கை இருந்தால் அதையும் வழக்கறிஞரிடம் கொடுத்துவையுங்கள்.

உங்கள் தந்தையைப் போன்றவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில இன்ஹேலர்களிலும், வாய் கொப்பளிக்கும் திரவங்களிலும், ஹோமியோபதிச் சொட்டு மருந்துகளிலும் ஆல்கஹால் கலந்திருக்கிறது. பயன்படுத்திய உடனே ஊதினால், ரத்தத்தில் துளியும் இல்லாதபோதும் வாயில் ஒட்டியிருப்பதைக் கருவி காட்டிவிடும். அது பதினைந்து, இருபது நிமிடத்தில் போய்விடும். அதனால் அந்த இடத்தில் மறுக்காமல், காரணத்தைச் சொல்லிச் சற்று நேரம் கழித்து மறுபடியும் ஊத வாய்ப்புக் கேளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மூச்சு மாதிரிகளைப் பெறச் சட்டமே இடம் தருகிறது. ஊதுகுழல் புதியதா, உங்கள் முன்னால் உறை பிரிக்கப்பட்டதா என்று பார்ப்பதும், கேட்பதும் மறுப்பு ஆகாது.

கேள்வி: என் மகள் ஓட்டிச் சென்ற கார் சாலைத் தடுப்பில் மோதியது. மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டிருந்த அவளிடம் போலீசார் கருவியுடன் வந்து ஊதச் சொன்னார்கள். வலியில் இருந்த அவள் முடியாது என்றாள். ரத்தமும் எடுக்கவில்லை. இப்போது காப்பீட்டு நிறுவனம், அவள் மது அருந்தியிருந்தாள் என்று சொல்லிக் காருக்கான இழப்பீட்டை மறுக்கிறது. சோதனையே நடக்காதபோது இப்படிச் சொல்ல முடியுமா?

பதில்: முதலில் மருத்துவமனையில் நடந்ததைப் பார்ப்போம். உள்நோயாளியாக இருப்பவரிடம் மூச்சு மாதிரி கேட்பதற்கு முன், அவருக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் போலீசார் தெரிவித்திருக்க வேண்டும். சிகிச்சைக்குக் கேடு வரும் என்று மருத்துவர் ஆட்சேபித்தால் கேட்கவே கூடாது. உள்நோயாளியாக இருக்கும் வரை, மறுத்ததற்காக 203-ஆவது பிரிவின் கீழ் கைது செய்யவும் முடியாது. பெண்ணிடம் ஆண் மருத்துவர் ரத்தம் எடுப்பதாக இருந்தால், மற்றொரு பெண் உடன் இருந்தாக வேண்டும் என்பதும் விதி. மருத்துவரிடம் முன்கூட்டித் தெரிவித்தார்களா என்று மருத்துவமனைக் குறிப்புகளில் தேடுங்கள். தெரிவிக்கவில்லையென்றால், உங்கள் மகள் மறுத்தாள் என்ற வாதத்தின் அடித்தளமே ஆட்டம் காணும். வலியும் காயமும் தக்க காரணம் என்றும் வாதிடலாம்.

காப்பீட்டுக் கேள்விக்கு என் பதில் உங்களுக்கு உவப்பாக இராது. குற்றவழக்கில் வேண்டிய அந்த எண், காப்பீட்டு வழக்கில் கட்டாயம் இல்லை. இப்கோ டோக்கியோ எதிர் பேர்ல் பெவரேஜஸ் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம், மூச்சுப் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ நடக்கவில்லை என்பதாலேயே காப்பீட்டு நிறுவனம் தோற்றுவிடாது என்றும், போதையில் ஓட்டியதை வேறு சாட்சியங்களாலும் சூழ்நிலைகளாலும் நிறுவலாம் என்றும் தீர்ப்பளித்தது. மருத்துவர் எழுதிய "மது வாடை" என்ற குறிப்பு, விபத்து நடந்த விதம், சாலையின் நிலை எல்லாம் அங்கே எடைபோடப்படும். ஆனால் நிறுவ வேண்டிய பொறுப்பு நிறுவனத்தினுடையது. வெறும் சந்தேகம் போதாது. உங்கள் மகள் மது அருந்தவில்லையென்றால், அனுமதிக்கப்பட்டபோது எழுதப்பட்ட விபத்துப் பதிவேட்டின் நகலை உடனே பெறுங்கள். சிகிச்சைக்காக எடுத்த ரத்தத்தின் அறிக்கைகளையும் விடாதீர்கள், அவற்றில் ஏதேனும் ஒன்று அவளைக் காப்பாற்றக்கூடும். மது அருந்தியிருந்தாள் என்றால், அதையும் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இந்த வழக்கை நடத்துவதா, விடுவதா என்பதே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

கேள்வி: என் மகன் டொரன்டோவிலும் மகள் லண்டனிலும் இருக்கிறார்கள். அங்கேயும் நிலைமை இதுதானா?

பதில்: அங்கே இன்னும் கடுமை. நம் சட்டத்தில் மறுப்பு ஒரு துணைச் சாட்சியம், அந்த இரு நாடுகளிலும் மறுப்பே முழுக் குற்றம்.

கனடாவில் 2018 டிசம்பர் முதல், சட்டப்படி வண்டியை நிறுத்திய போலீஸ்காரரிடம் அனுமதிக்கப்பட்ட கருவி இருந்தால் போதும், சந்தேகம்கூட இல்லாமல் ஊதச் சொல்லலாம். தக்க காரணமின்றி மறுத்தால் முதல் முறையே குறைந்தது 2,000 டாலர் அபராதம், குறைந்தது ஓராண்டு வண்டி ஓட்டத் தடை, குற்றப் பதிவு. முதல் முறை 80 மில்லிகிராம் வரம்பில் பிடிபட்டவருக்குக் குறைந்தபட்ச அபராதம் 1,000 டாலரில் தொடங்கி, 160-ஐத் தொட்டால்தான் 2,000 ஆகிறது. அதாவது, மறுத்தவரை நிறையக் குடித்தவரின் இடத்திலேயே அந்தச் சட்டம் வைக்கிறது. மறுத்துத் தப்பலாம் என்ற எண்ணமே எழக் கூடாது என்பதற்காக அமைத்த கணக்கு அது, எனக்கு அது நியாயமாகவே படுகிறது. நம் சட்டமும் அந்தத் திசையில் திருந்த வேண்டும் என்பது என் கருத்து.

பிரிட்டனில் இரண்டு கட்டங்கள் உண்டு. சாலையோரத்தில் செய்யும் முதல் சோதனையை மறுத்தால் அபராதமும் லைசென்ஸில் புள்ளிகளும். காவல் நிலையத்தில் சாட்சியத்துக்கான மாதிரியைக் கொடுக்க மறுத்தால், வண்டி ஓட்டியவருக்கு ஆறு மாதம் வரை சிறை, உச்ச வரம்பில்லாத அபராதம், குறைந்தது பன்னிரண்டு மாத ஓட்டுநர் தடை. மாதிரி கேட்கும்போதே, கொடுக்கத் தவறினால் வழக்குத் தொடரப்படலாம் என்று அதிகாரி எச்சரிக்க வேண்டும். மகளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அங்கே காவல் நிலையத்தில் வழக்கறிஞரின் ஆலோசனை பெறும் உரிமை அவளுக்கு உண்டு, ஆனால் "என் வழக்கறிஞர் வரட்டும், பிறகு ஊதுகிறேன்" என்பதை அங்குள்ள நீதிமன்றங்கள் பொதுவாகத் தக்க காரணமாக ஏற்பதில்லை. அவர் வருவதற்குள் அந்த வார்த்தையே மறுப்பாகப் பதிவாகியிருக்கும்.